செட்டில்

நான் நிற்கும் இடத்தைக் கைப்பேசியில் பார்த்துவிட்டுத்
திருச்சியிலிருந்து இளவேனில் கேட்கிறாள்:
"என்னக்கா, கடலுக்குள்ள நிக்கிற?"

நீலத்தின் நடுவே ஒரு நீலப் புள்ளி, நான்.
வரைபடக்காரர்களுக்கு இன்னும் சேதி போகவில்லை.
துவாஸின் இந்த மூலையில்
பத்தொன்பது மாதமாக மணல் இருக்கிறது.
மணல்மேல் என் பூட்ஸ் இருக்கிறது.
பூட்ஸுக்குள்ளும் கொஞ்சம் மணல்.

என் வேலையைச் சொன்னால் சிரிப்பீர்கள்:
நிலம் எவ்வளவு இறங்கியது என்று அளப்பது.
புதைத்த இரும்புத் தகடு, அதிலிருந்து எழும் கம்பி,
கம்பியின் தலையில் அளவுகோல்.
முக்காலிக் கருவியில் கண்ணை வைத்து
மூச்சைப் பிடித்துக்கொண்டு வாசிப்பேன்.
தகடு நாலு, பதினொரு மில்லிமீட்டர்.
தகடு ஒன்பது, பதினாலு.
எங்கள் தாளில் இதற்குப் பெயர் செட்டில்மென்ட்.

ஊரில் அத்தைக்கும் அதே சொல்தான்.
"எப்பத்தான்டி செட்டில் ஆகப்போற?"
முப்பத்து நாலு வயது, ஜூரோங் வெஸ்ட்டில் வாடகை அறை,
அடுப்பு பற்றவைக்க வீட்டுக்காரியின் அனுமதி.
அத்தை, இங்கே செட்டில் ஆவதென்றால்
அமிழ்வது.
பாரம் ஏற ஏற, அடியில் கிடக்கும் களிமண்
தன் தண்ணீரையெல்லாம் கக்கிவிட்டு
இறுகிப்போவது.
நாளை வரப்போகும் கிரேன்களின் எடையை
இன்றைக்கே மணலாகக் குவித்துவைத்துச்
சுமக்கப் பழக்குகிறோம்.
பழகியதும் மேல்மணலை வாரி
அடுத்த மனைக்குக் கொண்டுபோய்விடுகிறோம்.

மணல் எந்த நாட்டுடையது என்பது பில்லில் இருக்கும்;
என் தாளில் அதற்குக் கட்டம் இல்லை.
ஒருநாள் அதில் தூண்டில் ஈயக்குண்டு ஒன்று கிடந்தது.
எங்கோ, யாரோ, எந்த மீனுக்கோ.
மொஃபிஜுல் அதைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்தான்.
அவன் ஊரில் மேக்னா வருடம் ஒரு வயல் தின்கிறதாம்.
"இங்கே நாம் ஊட்டிவிடுகிறோம்," என்றான்,
பரோட்டாவைக் கிழித்து வாயில் போட்டபடி.

லாரி வானொலியில் பொருளியல் வளர்ந்துகொண்டிருந்தது.
எதிர்பார்த்ததைவிடப் புள்ளி மூன்று விழுக்காடு கூடுதலாம்.

அது செவ்வாய்க்கிழமை.
அன்றுதான், இறங்கி முடித்த ஏழு தகடுகளும்
மூன்று மில்லிமீட்டர் எழும்பியிருந்தன.

நிலம் எழும்பாது.
கண்ணாடியைத் துடைத்தேன். பேட்டரி மாற்றினேன்.
மொஃபிஜுல் கோலை நேராகப் பிடிக்கவில்லையென்று
அநியாயமாய்க் கத்தினேன்.
மூன்றாம் முறையும் அதே எண்.
அப்புறம்தான் திரும்பிப் பார்த்தேன்,
கரையோரக் கான்கிரீட் தூணை,
அதன் தலையில் மின்னும் பித்தளைக் குமிழை.
அசையாதது என்று நாங்களே பெயர் சூட்டி
எல்லாவற்றையும் அதிலிருந்து அளந்தோம்.

அது இறங்கியிருந்தது.

திரு கோ தம் கோப்பியை ஒரு மிடறு விழுங்கினார்.
"தீவின் நடுவில், கருங்கல்மேல் ஒரு குறி இருக்கிறது.
அங்கிருந்து ஆரம்பி. பழைய எண்ணையெல்லாம் திருத்து."
யாரிடமும் சொல்லாதே என்று அவர் சொல்லவில்லை.
சொல் என்றும் சொல்லவில்லை.

திருத்தினேன். பதினாறு மாதத்து எண்கள்.
ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சம்,
நான் நினைத்ததைவிடக் கீழே நின்றிருந்தேன்
என்று எழுதுவதுபோல இருந்தது.
கருங்கல் மட்டும் எதன்மேல் இருக்கிறது
என்று கேட்க வாயெடுத்தேன்.
அவர் அடுத்த கூட்டத்துக்குக் கிளம்பிவிட்டார்.

இரவு, பேருந்து.
ஜன்னலில் துறைமுக விளக்குகள்,
ஆளில்லாமல் தாமாகவே ஓடும் வண்டிகள்,
பெட்டிமேல் பெட்டி, பெட்டிமேல் பெட்டி.
ஒத்துக்கொள்கிறேன், அழகுதான்.
அந்த அடுக்கின் அடியில் என் தகடு பன்னிரண்டு இருக்கிறது;
அது இப்போது எதையும் வாசிக்கத் தருவதில்லை.

கைப்பேசி அதிர்ந்தது.
"அக்கா, கரைக்கு வந்துட்ட போல?"
ம், இறங்கிட்டிருக்கேன் என்று அனுப்பினேன்.
"பஸ்ஸுலேர்ந்தா?"

மணியை அழுத்திவிட்டு
ஆமா என்றேன்.